ஜாதிக்காய்க் கொடியும் புரூக்ளின் பீப்பாயும்: கிரெனடா நாட்குறிப்பு

செவ்வாய், செயின்ட் ஜார்ஜஸ்

கரீபியக் கடலின் தீவு நாடான கிரெனடாவில் விமானம் இறங்கும் ஓடுபாதையே ஒரு பழைய சண்டையின் மிச்சம். 1979 மார்ச்சில் ஆட்சியைப் பிடித்த புரட்சி அரசு, கியூபத் தொழிலாளர்களை வரவழைத்து அதைக் கட்டத் தொடங்கியது. இத்தனை நீளம் சோவியத் போர் விமானங்களுக்குத்தான் என்று அமெரிக்க அதிபர் ரீகன் தொலைக்காட்சியில் வான்படம் காட்டிப் பேசினார். சுற்றுலாப் பயணிகளுக்குத்தான் என்றது கிரெனடா. 1983 அக்டோபரில் அமெரிக்கப் படை வந்து தீவைப் பிடித்தது. அப்புறம் மிச்ச வேலையை முடிக்க அமெரிக்காவே பணம் கொடுத்தது. 1984இல் திறந்த அந்த விமான நிலையத்துக்கு 2009இல் புரட்சித் தலைவர் மாரிஸ் பிஷப்பின் பெயரைச் சூட்டினார்கள்.

நான் வந்தது நியூயார்க் விமானத்தில். என்னைப் போன்ற சுற்றுலாவாசிகள் கொஞ்சம்தான். மற்றவர்கள் ஊருக்கு வருகிறவர்கள். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மாள் புரூக்ளினில் முப்பது வருடம் நர்ஸாக இருந்தவர். தம்பி பெண்ணுக்குச் சப்பாத்து, அக்காவுக்கு மருந்து, யாருக்கோ பம்ப் மோட்டார் என்று நான்கு பெட்டிகள். "இவ்வளவு கொண்டு வருகிறீர்களே!" என்றேன். "இது கைச்சாமான். பீப்பாய் கப்பலில் வருகிறது" என்றார்.

பரப்பு 344 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தைச் சற்றே தாண்டும். 1960 கணக்கெடுப்பில் சுமார் 89 ஆயிரம் பேர். அறுபது ஆண்டில் கூடியது ஏறக்குறையக் கால் பங்குதான். பிள்ளைகள் பிறக்காமல் இல்லை, பிறந்தவர்கள் போய்விடுகிறார்கள். முதலில் டிரினிடாட், பிறகு லண்டன், அதன் பிறகு புரூக்ளினும் டொரன்டோவும். இந்தத் தீவின் வரவுசெலவைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் யார் போகிறார்கள், அவர்களுக்குப் பதில் என்ன வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும் என்று இங்கே வருவதற்கு முன்பே ஒரு எண்ணம் இருந்தது. அந்த நர்ஸம்மாள் அதை உறுதிசெய்துவிட்டார்.

தலைநகரம் செயின்ட் ஜார்ஜஸ் ஒரு குதிரைலாடத் துறைமுகம். சுற்றிலும் செங்குத்து மேடுகள், மேட்டில் சிவப்பு ஓட்டு வீடுகள். பிப்ரவரி 7 சுதந்திர தினம் இப்போதுதான் முடிந்திருப்பதால் தெருவோரக் கற்கள், மரத்தடிகள், பழைய டயர்கள் எல்லாவற்றிலும் சிவப்பு, மஞ்சள், பச்சை. தேசியக் கொடியின் இடப்பக்கப் பச்சையில் ஒரு ஜாதிக்காய் இருக்கிறது. நாட்டின் கொடியில் சமையலறைச் சரக்கை ஏற்றிய இவர்களை எனக்கு உடனே பிடித்துப்போயிற்று.

துறைமுகத்தையும் சந்தைப் பக்கத்தையும் இணைப்பது 1890களில் குடைந்த செண்டால் சுரங்கம். ஒரு வண்டி மட்டுமே நுழையும் அகலம். அதே அகலத்தில் மனிதர்களும் சுவரோடு ஒட்டி நடக்கிறார்கள். நகரப் போக்குவரத்து முழுவதும் வேன்தான். கடைசி இருக்கைக்காரர் இறங்க வேண்டுமானால் நான்கு பேர் இறங்கி வழிவிடுகிறார்கள், முணுமுணுப்பே இல்லை. ஏறும்போது "குட் ஆஃப்டர்நூன்" என்று பொதுவாகச் சொல்ல வேண்டும். சொல்லாமல் உட்கார்ந்த ஒரு இளைஞனை ஒரு பாட்டி முழுப் பயணமும் முறைத்துக்கொண்டே வந்தார்.

புதன், கோட்டையும் கல்லூரியும்

காலையில் ஜார்ஜ் கோட்டை. பிரெஞ்சுக்காரர்கள் கட்டி, ஆங்கிலேயர் பெயர் மாற்றியது. பிஷப்பின் அரசு அவருடைய தந்தை ரூபர்ட்டின் பெயரை வைத்தது. அரசு போனதும் பழைய பெயர் திரும்பிவிட்டது. உள்முற்றத்துச் சுவர் ஒன்றின் முன்னால் 1983 அக்டோபர் 19 அன்று பிஷப்பையும் அவருடன் இருந்த ஏழு பேரையும் நிறுத்திச் சுட்டார்கள். சுட்டது அவருடைய கட்சியின் இன்னொரு பிரிவின் கட்டளையில் நின்ற ராணுவம். உடல்கள் இன்றுவரை கிடைக்கவில்லை. ஆறு நாளில் அமெரிக்கப் படை இறங்கியது. ஐ.நா. பொதுச்சபை 108க்கு 9 என்ற வாக்கில் அதைக் கண்டித்தது.

இரண்டு பக்கமும் வழக்கமாகச் சொல்லும் கதைகள் எனக்குப் போதவில்லை. பிஷப்பின் நான்கரை ஆண்டில் பேறுகால விடுப்புச் சட்டம் வந்தது, முதியோர் எழுத்தறிவுப் பள்ளிகள் வந்தன. அதே ஆட்சியில் விசாரணையின்றிச் சிறை உண்டு, பத்திரிகை மூடலும் உண்டு. தங்குமிடத்து அம்மையாரிடம் கேட்டேன். அப்போது அவருக்குப் பதினான்கு வயதாம். "பிஷப்பை நேசித்தோம். அமெரிக்கர்கள் வந்தபோது கைதட்டினோம். இரண்டும் உண்மை. வெளியூர்க்காரர்கள் ஏதாவது ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டு போகிறார்கள்" என்றார். அண்மையில் அரசு அக்டோபர் 19ஐத் தேசிய வீரர்கள் நாளாக்கி விடுமுறை விட்டிருக்கிறது.

அமெரிக்கப் படையெடுப்புக்குச் சொன்ன காரணங்களில் ஒன்று இங்கிருந்த அமெரிக்க மருத்துவ மாணவர்களின் பாதுகாப்பு. அந்தக் கல்லூரியைப் பார்க்கப் பிற்பகல் தெற்கே போனேன். அமெரிக்காவில் இடம் கிடைக்காதவர்களுக்காக 1977இல் வகுப்பைத் தொடங்கிய செயின்ட் ஜார்ஜஸ் பல்கலைக்கழகம் இன்று தீவின் மிகப் பெரிய தொழில்களில் ஒன்று. 'தொழில்' என்றுதான் சொல்ல வேண்டும். ஆயிரக்கணக்கான மாணவர்கள், அவர்களுக்கு வாடகை வீடு, வாடகைக் கார், சலவை, பீட்சா. மலைச்சரிவில் புதிதாக எழும்பியிருக்கும் அடுக்கு வீடுகளில் பாதிக்கு மேல் இவர்களை நம்பியே நிற்கின்றன என்றார் வேன் ஓட்டுநர். கொரோனாக் காலத்தில் மாணவர்கள் ஊருக்குப் போனபோது இந்தப் பக்கம் விளக்கே எரியவில்லையாம். வளாகத்தில் இந்திய முகங்கள் நிறைய. நியூஜெர்சியில் வளர்ந்த ஒரு தமிழ்ப் பெண் என்னிடம், "அங்கிள், இங்கே நல்ல கறிவேப்பிலை எங்கே கிடைக்கும் தெரியுமா?" என்று கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்!

இன்னொரு தொழிலும் உண்டு: குடியுரிமை விற்பனை. 2013இல் சட்டம் போட்டுத் தொடங்கினார்கள். நிதிக்கு நன்கொடையாக 2,35,000 அமெரிக்க டாலர் கட்டினால் குடும்பத்தோடு கிரெனடாக் குடிமகன் ஆகலாம். முன்பு தனி ஆளுக்கு 1,50,000, நான்கு பேர் குடும்பத்துக்கு 2,00,000 என்று இருந்ததை 2024இல் உயர்த்தினார்கள். அக்கம்பக்கத்துத் தீவுகளும் விற்கின்றன; ஆனால் அமெரிக்காவோடு முதலீட்டாளர் விசா ஒப்பந்தம் இருப்பதால் இவர்களுடைய கடவுச்சீட்டுக்குத் தனி மதிப்பு. வாங்குகிறவர்களில் பலர் தீவில் காலே வைப்பதில்லை. பிறந்தவன் வெளியே போய்ச் சம்பாதிக்கிறான், வராதவன் குடிமகனாகிறான். எனக்கு இதில் ஒரு கூச்சம் இருக்கிறது. ஆனால் சாலையும் மருத்துவமனையும் கேட்கும் ஒரு லட்சம் பேருக்கு வரி கட்ட எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நிதியமைச்சர் திருப்பிக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

வியாழன், கிராண்ட் எட்டாங்

மழை. எரிமலை வாயில் தேங்கிய ஏரி, மேலே மூடுபனி, மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பல்களோடு வந்ததாகச் சொல்லும் மோனா குரங்குகள். 1795இல் ஜூலியன் ஃபெடோன் என்ற கலப்பினத் தோட்டக்காரர் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்து, பதினைந்து மாதம் போலத் தீவின் பெரும்பகுதியை வைத்திருந்தது இந்த மலைகளை நம்பித்தான். கவர்னரையே பிடித்துக் கொன்றார்கள். ஃபெடோன் கடைசிவரை அகப்படவில்லை. இந்தச் சரிவில் இருபது அடி தள்ளி நின்றாலே ஆள் தெரியாது, அகப்படாததில் வியப்பில்லை. காலணி இன்னும் காயவில்லை, இன்றைக்கு இவ்வளவுதான்.

வெள்ளி, குயாவ்

நான் வந்ததே இதற்காக. மேற்குக் கரையில் குயாவ் என்ற மீனவர் ஊர். நடுத்தெருவில் மூன்று மாடி மரக் கட்டடமாக ஜாதிக்காய்ப் பதப்படுத்தும் நிலையம். உள்ளே நுழைந்ததும் மூக்குக்கு வேறெதுவும் தெரிவதில்லை. விவசாயிகள் சாக்கில் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். மேல்தளத்து மரத்தட்டுகளில் ஆறு, எட்டு வாரம் உலர வேண்டும். உலர்ந்ததும் ஓடு உடைத்து, பருப்பைத் தண்ணீரில் போடுகிறார்கள். மூழ்குவது நல்லது, சமையலுக்குப் போகும். மிதப்பது எண்ணெய் எடுக்க. கீழ்த்தளத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கையால் தரம் பிரிக்கிறார்கள். பக்கத்தில் ஜாதிபத்திரிக்குத் தனி அறை. சணல் சாக்குகளில் எந்த நாட்டுத் துறைமுகத்துக்குப் போகிறது என்பதை அச்சுத் தகடு வைத்துக் கறுப்பு மையில் பதிக்கிறார்கள்.

1843 வாக்கில் இங்கே வந்த மரம் இது. கரும்பு சரிந்த பிறகு மலைச்சரிவில் இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருந்த சிறு விவசாயிக்குத் தோதாக அமைந்தது. கரும்புக்கு ஆலை வேண்டும், கூலியாட்கள் வேண்டும். ஜாதிக்காய் தானே விழும், குனிந்து பொறுக்கினால் போதும். 1947 முதல் எல்லாம் கூட்டுறவுச் சங்கத்தின் வழியாகத்தான் விற்கிறது. காய் கொடுத்ததும் முன்பணம், ஏற்றுமதிக் கணக்கு முடிந்ததும் உபரி. அந்த உபரியில்தான் பள்ளிக் கட்டணமும் கூரைத் தகடும் வந்தன என்று தரம் பிரிக்கும் பெண்களில் மூத்தவர் சொன்னார். ஒரு காலத்தில் இந்தோனேசியாவுக்கு அடுத்து உலகில் இவர்கள்தான். 1987இல் இரண்டு நாடுகளும் சேர்ந்து விலையைப் பிடித்து வைக்கவும் முயன்றன. சில ஆண்டுகளில் அந்த ஏற்பாடு உடைந்தது.

2004 செப்டம்பர் 7இல் ஐவன் சூறாவளி வந்தது. சூறாவளிப் பாதைக்குத் தெற்கே இருக்கிறோம் என்று தீவு நிம்மதியாக இருந்த நேரம். அதற்கு முன் பெரிதாக அடித்தது 1955இல் ஜேனட். ஐவனில் 39 பேர் இறந்தார்கள். பத்தில் ஒன்பது வீடுகள் சேதம். பிரதமர் குடியிருந்த அரசு மாளிகையே போயிற்று, சிறைச் சுவர் விழுந்து கைதிகள் வெளியேறினார்கள். மொத்த இழப்பு நாட்டின் ஆண்டு உற்பத்தியைப் போல் இரண்டு மடங்கு. ஜாதிக்காய் மரங்களில் பெரும்பாலானவை வேரோடு சாய்ந்தன.

சாய்ந்ததை ஏன் திரும்ப நடவில்லை? இங்கேதான் மரத்தின் குணம் வருகிறது. ஜாதிக்காயில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. காய்ப்பது பெண் மட்டும். எது ஆண், எது பெண் என்று பூக்கும்வரை தெரியாது. பூக்க ஐந்தாறு வருடம் ஆகும். அதுவரை உரமிட்டு வளர்த்தவற்றில் பாதியை வெட்டிப்போட வேண்டியதுதான். நல்ல மகசூலுக்கு இன்னும் பல ஆண்டுகள். ஐவன் வந்தபோது விவசாயிக்கு ஐம்பத்தைந்து, அறுபது வயது, மகன் டொரன்டோவில். யாருக்காக நடுவார்? கொக்கோ மூன்று நான்கு வருடத்தில் காய்க்கிறது என்று கொக்கோவுக்குப் போனவர்கள் உண்டு. நிலத்தைக் காடாக விட்டவர்கள் அதைவிட அதிகம்.

நிலையத்தில் காலியாகக் கிடந்த தட்டுகளைப் பார்த்தேன். மூத்த பெண்மணி எனக்கு ஒரு கைப்பிடி காய் கொடுத்து, "உங்கள் நாட்டில் இதை என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். குழந்தைக்கு உரசிக் கொடுப்போம், நன்றாகத் தூங்கும் என்றேன். "நாங்கள் ரம்மில் போடுகிறோம். நாங்களும் நன்றாகத் தூங்குகிறோம்" என்றார். அறையே சிரித்தது.

இரவு இதே ஊரில் 'ஃபிஷ் ஃபிரைடே'. இரண்டு சந்துகளில் அடுப்பு வைத்து மீன் சமைக்கிறார்கள்: வறுத்த மீன், சுட்ட இறால், சங்குக் கறி. நீள்தூண்டில் போட்டுப் பிடிக்கும் மஞ்சள்துடுப்புச் சூரை மீனில் நல்லது அமெரிக்காவுக்கு விமானம் ஏறிவிடுகிறது. பாக்கியை நாங்கள் சாப்பிட்டோம், குறை சொல்ல ஒன்றுமில்லை.

சனி, வடக்கே

ரிவர் அன்டோயின் வடிசாலை 1785 முதல் நடக்கிறது. ஆற்று நீர் சக்கரத்தைச் சுற்றுகிறது, சக்கரம் கரும்பைப் பிழிகிறது, சக்கையே அடுப்புக்கு விறகு. வெளிவரும் ரம்மில் ஏறக்குறைய 75 விழுக்காடு சாராயம். விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள் என்பதால் பயணிகளுக்காக 69 விழுக்காட்டில் ஒரு புட்டி வைத்திருக்கிறார்கள். நான் ஒரு மிடறு குடித்தேன். அதற்கு மேல் இந்தப் பத்தியில் எழுதுவதற்கு எதுவும் நினைவில்லை.

பெல்மாண்ட் தோட்டத்தில் கொக்கோ விதைகளை வெயிலில் பரப்பி, காலால் உழுதுகொண்டே நடக்கிறார்கள். 1999இல் ஒரு சிறு கூட்டுறவு இதே பகுதியில் சாக்லேட்டையே இங்கே செய்யத் தொடங்கியது. இன்று பல பெயர்களில் சாக்லேட் வருகிறது. விதையை மூட்டையாக விற்பதற்கும் கட்டியாக விற்பதற்கும் இடையிலுள்ள லாபம் முன்பெல்லாம் ஐரோப்பாவில் தங்கியது. அதில் ஒரு துளியாவது இங்கே நிற்பது நல்லதுதான். துளிதான், மிகைப்படுத்தக் கூடாது.

வடக்கே வந்ததற்கு எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. 1838இல் அடிமைமுறை முழுவதுமாக முடிந்ததும், விடுபட்டவர்கள் தோட்டக் கூலியை விட்டு மலையில் துண்டு நிலம் தேடிப் போனார்கள். முதலாளிகள் மால்டாவிலிருந்து ஆள் கொண்டுவந்து பார்த்தார்கள், மதீராவிலிருந்து கொண்டுவந்து பார்த்தார்கள். கடைசியில் இந்தியா. 1857 மே 1 அன்று 'மெய்ட்ஸ்டோன்' கப்பல் வந்து சேர்ந்தது. கல்கத்தாவில் ஏறியவர்கள் 375 பேர். உயிரோடு இறங்கியவர்கள் 287. அடுத்த முப்பது ஆண்டுகளில் மொத்தம் சுமார் 3,200 பேர் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். இன்று அவர்கள் வழியில் வந்தவர்கள் மக்கள்தொகையில் இரண்டு விழுக்காடு அளவில்தான், பலர் கலந்துவிட்டார்கள்.

சாலையோரக் கடை ஒன்றில் ரொட்டிக்குள் ஆட்டுக்கறி மடித்துக் கொடுத்தவர் அப்படி ஒருவர். என்னைப் பார்த்ததும் "இந்தியாவா?" என்றார். தாத்தாவின் தாத்தா எந்த ஊர் என்று அவருக்குத் தெரியாது. இந்தி தெரியாது, கோயில் இல்லை, குடும்பம் மூன்று தலைமுறையாகத் தேவாலயத்துக்குப் போகிறது. டிரினிடாட்டில் இருப்பதுபோல் தொகையாக இருந்திருந்தால் மிஞ்சியிருக்கும். மூவாயிரம் பேரால் முடியவில்லை. ரொட்டி மிஞ்சியிருக்கிறது, அதைத் தீவு முழுவதும் தின்கிறது. பெரும் இழப்பு என்ற முகத்தோடு நான் நின்றேன் போலிருக்கிறது. "கவலைப்படாதீர்கள், நான் நன்றாகத்தான் இருக்கிறேன்" என்றார்.

ஞாயிறு, மறுபடியும் தலைநகரம்

காலையில் எல்லாம் மூடியிருக்கிறது. மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கத்தோலிக்கர். மற்ற சபைகள் தெருவுக்கு ஒன்று. வெள்ளை உடை, தொப்பி, குடை.

பகலில் தங்குமிடத்து அம்மையார் வீட்டு முற்றத்தில் 'ஆயில் டவுன்'. ஈரப்பலாவை வெட்டி அடுக்கி, உப்புக்கண்டம், சேம்பிலை, மாவுருண்டை போட்டு, மஞ்சள் கலந்த தேங்காய்ப்பால் ஊற்றி, பால் வற்றி எண்ணெய் அடியில் இறங்கும்வரை விறகடுப்பில் வைக்கிறார்கள். அடுப்பைச் சுற்றி எட்டுப் பெண்கள். அவர்களில் ஐந்து பேர் வீட்டுப் பொறுப்பைத் தனியாகச் சுமப்பவர்கள். நம் ஊர்ச் சீட்டு போலவே இவர்களிடம் 'சூசூ' உண்டு: மாதம் ஒரு தொகை, முறை வைத்து ஒருவருக்கு மொத்தமும். ஏலம் இல்லை, கமிஷன் இல்லை. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த வழக்கம். பீப்பாய் பற்றி இங்கேதான் விவரமாகக் கேட்டேன். சோப்பு, அரிசி, சமையல் எண்ணெய், பள்ளிச் சீருடைத் துணி, எல்லாவற்றையும் அடைத்து வெளிநாட்டு உறவினர் அனுப்புகிறார்கள். கிறிஸ்துமஸ் நெருங்கினால் துறைமுகத்தில் மலைபோல் குவியுமாம். "பீப்பாயில் வளர்ந்த பிள்ளை நான். அம்மாவை எட்டு வருடம் பார்க்கவில்லை, ஆனால் எப்போதும் புதுச் சப்பாத்து" என்றார் இளையவர் ஒருவர். பிறகு சேம்பிலையைக் கிளறப் போய்விட்டார்.

மாலையில் கிரிக்கெட் மைதானம் வழியாக நடந்தேன். ஐவனில் இடிந்ததைச் சீனா கட்டிக் கொடுத்தது. அதற்காகவே என்று சொல்ல முடியாவிட்டாலும், 2005 தொடக்கத்தில் கிரெனடா தைவானை விட்டுச் சீனாவுக்குத் தாவியிருந்தது. 2007 பிப்ரவரியில் திறப்பு விழா. சீனத் தூதர் மேடையில் இருக்க, போலீஸ் இசைக்குழு தைவான் நாட்டுப்பண்ணை வாசித்துவிட்டது. பிரதமர் விசாரணைக்கு உத்தரவிட்டார். இரண்டு பெரியவர்களிடமும் மாறி மாறிக் கை நீட்ட வேண்டிய சின்ன நாட்டில், பாட்டுப் புத்தகம் மாறிப்போவது இயற்கை.

திங்கள், கரியகூ

வடக்கே, இதே நாட்டைச் சேர்ந்த கரியகூ தீவுக்குப் படகு. வழியில் கடலடியில் 'கிக் எம் ஜென்னி' என்ற எரிமலை உயிரோடு இருக்கிறது. அதன் மேலே கப்பல் போகாமல் சுற்றிப் போக வேண்டும். அலை வயிற்றைப் புரட்டியது.

2024 ஜூலை 1இல் பெரில் சூறாவளி நேராக இந்தத் தீவின் மேல் ஏறியது. கட்டடங்களில் 98 விழுக்காடு சேதம் என்று அரசு சொன்னது. இப்போது 2025 பிப்ரவரி, எட்டு மாதம் நெருங்குகிறது; தீவின் முக்கிய ஊரான ஹில்ஸ்பரோவில் இன்னும் நீலத் தார்பாய்க் கூரைகள், கூரையே இல்லாத சுவர்கள், மேலெல்லாம் முறிந்து அடியில் மட்டும் தளிர்த்த மரங்கள். ஆனால் கடைகள் திறந்திருக்கின்றன. சம்மட்டிச் சத்தம் எங்கும் கேட்கிறது.

ஐவனுக்குப் பிறகு இந்த நாடு கடனைக் கட்ட முடியாமல் இருமுறை திணறியது. அதில் ஒரு பாடம் கற்றது: 2015இல் கடன் பத்திரங்களை மாற்றி எழுதியபோது, பெரும் சூறாவளி வந்தால் தவணையைத் தள்ளிவைக்கலாம் என்று ஒரு பிரிவைச் சேர்த்தது. பெரிலுக்குப் பின் அதை முதன்முதலாகப் பயன்படுத்திக்கொண்டது. கரீபிய நாடுகளின் பொதுக் காப்பீட்டு நிதியிலிருந்தும் சுமார் 4.4 கோடி டாலர் வந்தது. மரத்தை நம்பிய காலம் போய், ஒப்பந்த வாசகத்தை நம்பும் காலம். கேலியாகச் சொல்லவில்லை, நான் இங்கே பார்த்தவற்றில் புத்திசாலித்தனமானது இதுதான்.

விண்ட்வர்ட் என்ற கிராமத்தில் ஸ்காட்லாந்துக் கப்பல் தச்சர்களின் வழித்தோன்றல்கள் கரையிலேயே மரப்படகு கட்டுகிறார்கள். இதே தீவில் 'பெரிய பறை' ஆட்டத்தில் ஒவ்வொரு குடும்பமும் தன் முன்னோர் குலத்தின் தாளத்துக்கு ஆடும்: குரமன்டி, இக்போ, மண்டிங். ஆப்பிரிக்காவில் எந்த இனம் என்பதை இருநூறு வருடம் தாண்டியும் வைத்திருக்கிறார்கள்.

படகுத் தச்சர் ஒருவர் இப்போது வீடுகள் கட்டுகிறார். அவருடைய சொந்த வீட்டுக்கு மட்டும் கூரை பாதிதான். ஏன் என்றேன். நிலம் குடும்பச் சொத்து, கொள்ளுத்தாத்தா பெயரில் இருக்கிறது, பாகம் பிரிக்கவில்லை. வங்கியில் கடன் கேட்டால் பங்காளிகள் எல்லோருடைய கையெழுத்தும் வேண்டும். இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் நான்கு பேர், புரூக்ளினில் ஏழு பேர், ஒருவர் எங்கே என்றே தெரியாது. "கையெழுத்து வரவில்லை, பணம் வந்தது. ஆளுக்குக் கொஞ்சம் அனுப்பினார்கள். இந்தப் பாதிக் கூரை அதுதான்" என்றார். மீதிக்கான தகடு அடுத்த கப்பலில் வருகிறதாம். இறக்க ஆள் போதாது என்று என்னையும் வரச் சொல்லியிருக்கிறார். மாலைப் படகுக்கு எடுத்திருந்த டிக்கெட்டை வியாழனுக்கு மாற்றிவிட்டேன்.